மழை யாரைச் சேர்ந்தது

இந்தப் பருவமும் அந்தத் தாள் என் தலையில்.
துறையில் யாருக்கும் வேண்டாம் அது:
'தொழில்முனைவு, தோற்றமும் வளர்ச்சியும்'.
வெள்ளிக்கிழமை கடைசி மணி.
பாதி வகுப்பு கடலூர் பஸ்ஸுக்கு
மனசுக்குள் எழுந்து நின்றுவிடும்.

முதல் அலகு சுலபம்.
சொல் பிரெஞ்சு என்பேன், ஆந்த்ரப்ரனர்.
புதுச்சேரிப் பிள்ளைகள் மூக்கால் சொல்வார்கள்,
கடலூர்ப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.
தெரிந்த விலைக்கு வாங்கித்
தெரியாத விலைக்கு விற்கிறவன்:
முந்நூறு வருடம் முன்பு
பாரிசில் ஒரு வங்கிக்காரர் எழுதி வைத்தது.

அப்புறம் அவனைக் காணோம்.
சமன்பாடுகள் வந்துவிட்டன.
நிலத்துக்கு வாடகை, உழைப்புக்குக் கூலி,
முதலுக்கு வட்டி என்று
எல்லோருக்கும் இலை போட்டாயிற்று.
அவன் கைகழுவிக்கொண்டு வந்தபோது
பந்தியில் இடமில்லை.

வெகுகாலம் கழித்து ஒருவர்,
பழையதை உடைப்பதே அவன் வேலை என்றார்.
பிறகு மனவியல்காரர்கள்.
படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொல்லி
கதைக்குள் ஜெயிக்கும் ஆசை எத்தனை என்று எண்ணினார்கள்.
இதே கடலோரம், வடக்கே, காக்கிநாடாவில்
கடைக்காரர்களை உட்காரவைத்து
ஆசைப்படப் பயிற்சி கொடுத்தார்கள்.
(வகுப்பு இங்கே மட்டும் விழித்துக்கொள்ளும்.)
அப்புறம் 'அவன் யார்' என்று கேட்காதே,
'என்ன செய்கிறான்' என்று கேள் என்றார்கள்.
இதழ்கள், மாநாடுகள், பேராசிரியர் இருக்கைகள்.
ஒருநாள் எங்கள் பாடத்திட்டத்தில் நாலு கிரெடிட்.

போன ஆவணியில்
வைசியாள் வீதி வீட்டின் பின்கட்டை வாங்கக்
கடன் கேட்டுப் போனேன்.
வங்கி மூலப்பத்திரம் கேட்டது. பத்திரம் பிரெஞ்சு.
மத்தியாஸ் லூர்து
பக்கத்துக்கு நானூற்றைம்பது வாங்கிக்கொண்டு
தமிழாக்கிக் கொடுத்தார்.
கடைசியில் நூல்போட்டுத் தைத்த ஒரு கட்டட ஒப்பந்தம்.
'தாண்டவராயன், மேஸ்திரி' என்றிருந்தது.
மூலத்தைப் புரட்டினேன்.
பெயரின் வாலில்
பிரெஞ்சு எழுதி உச்சரிக்காத ஓர் எழுத்து,
ஒரு கமா,
ஆந்த்ரப்ரனர்.

"இது நான் பாடம் நடத்துற சொல்லு சார்,
மேஸ்திரின்னு போட்டுட்டீங்களே?"
கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்:
"செவுரு கட்டினவன வேற என்னம்மா சொல்றது."

ஐந்தாம் ஷரத்து.
பேசிய தொகை முந்நூற்றிருபது ரூபாய், ஏறாது, இறங்காது.
சுண்ணாம்பு விலை ஏறினால் அது அவரைச் சேர்ந்தது.
அக்டோபர் பதினைந்துக்குள் தளம் மூடாவிட்டால்
மழை அவரைச் சேர்ந்தது.

தெரிந்த விலைக்கு விற்றுவிட்டுத்
தெரியாத விலைக்கு வாங்கப் போயிருக்கிறார்.
பாரிஸ்காரர் சொன்னதற்கு நேர் தலைகீழ்.
நான் ஆறு வாரம் நடத்துவதை
நோத்தேர் ஒரு வரியில் முடித்து
முத்திரை வைத்துவிட்டார்.

நவம்பர் தேர்வுக்கு அந்த ஷரத்தையே கொடுத்தேன்:
'இதில் தொழில்முனைவோர் யார்? காரணம் தருக.'
சரிபார்ப்புக் குழு சிவப்பு மையில் அடித்தது:
பாடத்திட்டத்தில் இல்லை.
அந்த இடத்துக்கு வந்தது,
'வெற்றிகரமான தொழில்முனைவோரின் எட்டுப் பண்புகள்'.

எட்டும் எழுதினார்கள்.
துணிவு, தொலைநோக்கு, தலைமை, எல்லாம் வரிசை பிசகாமல்.
ஒரே ஒரு விடைத்தாளில் மட்டும் ஒன்பதாவது:
'கடன் கொடுத்தவர் எதிரே வந்தால்
அடுத்த தெருவில் திரும்பத் தெரிந்திருக்க வேண்டும்.'
அரை மதிப்பெண் போட்டேன்.
அடித்துவிட்டு ஒன்றாக்கினேன்.

இன்று காலையிலிருந்து விடாத மழை.
புயல் கடலூர்ப் பக்கம் கரை ஏறுமாம்.
பின்கட்டின் வடக்கு மூலையில் விரல் அகலத்துக்கு ஈரம்,
கீழே வாளி.
தளம் தேதிக்குள் மூடியதா,
முந்நூற்றிருபதில் அவர் கையில் நின்றது எவ்வளவு,
ஒன்றும் நின்றதா,
பத்திரம் சொல்லவில்லை.
புத்தகத்தில் தேடுவதற்கு அவர் பெயரே இல்லை.

வாளி பாதி நிறைந்துவிட்டது.
கிரயம் முடிந்து மூன்று மாதம்.
இந்த மழை என்னைச் சேர்ந்தது.